எங்கள் மைனியும் பட்டியலில் இல்லாத பேங்கும்

மைனியை அடங்காப்பிடாரி என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்கள் வீட்டு முற்றத்தில் போய் நின்று கேட்பேன் என்று தெரியும். அடங்காதவள்தான், அதை நானும் மறுக்கவில்லை. அவள் அடங்கியிருந்தால் எங்கள் கிறிஸ்தவ சபையில் பாதிக் குடும்பம் இன்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருந்தாள். குள்ளமான உருவம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி, பேருந்தில் ஏறினால் நடத்துனர்கூட ஒதுங்கி வழிவிடும் நடை. பகல் முழுக்க ரத்தத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு வருகிறவளிடம், யாரோ சொன்னார்கள் என்று எதையும் கொண்டுபோய் நீட்ட முடியாது. நீட்டினால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்.

"கண்டதா, கேட்டதா?"

கேட்டதாக்கும் என்று சொல்லிவிட்டால் போச்சு. "அப்ப நில்லுங்க. நான் பாத்துட்டு சொல்லுதேன்" என்று போனை எடுத்துவிடுவாள். சொன்னவர் சங்கடத்தோடு நின்றுகொண்டிருப்பார். பார்த்து முடித்துவிட்டு, சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். தப்பாக இருந்தால் அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்களோ அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். மெதுவாகச் சொல்வது என்ற பழக்கமே அவளுக்குக் கிடையாது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"பொய்ய மைக் வச்சுச் சொல்லுவாவ, உண்மைய மட்டும் நான் காதுல சொல்லணுமா? நல்ல நியாயம்" என்பாள்.

சபையின் வாட்சப் குழுவில் தினமும் ஏதாவது வந்து விழும். இன்ன இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை ஓடிவிடும், இன்ன தேதியில் கடல் ஊருக்குள் வரும், இன்ன நாட்டில் மலை பிளந்து வசனம் தெரிந்தது. ஒவ்வொன்றின் கீழேயும் மைனி 'கண்டதா, கேட்டதா?' என்று போடுவாள். ஒருநாள் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே ஒருவருக்கு அவசரமாக ரத்தம் தேவைப்பட்டது. யார் யாருக்கு என்ன வகை ரத்தம் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். மறுபடி சேர்த்தார்கள். சேர்ந்ததும் முதல் வேலையாக, தான் இல்லாத நாட்களில் வந்திருந்த அத்தனைக்கும் வரிசையாக அதே கேள்வியைப் போட்டாள்.

என் கல்யாணத்தையும் ஒருமுறை கெடுத்தாள். கெடுத்தாள் என்றுதான் அன்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் திருப்புறத்திலிருந்து வந்து முன்னறையில் உட்கார்ந்து மிக்சரும் சாயாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையனுக்குக் கொச்சியில் பெரிய கம்பெனியில் வேலை என்றார்கள். மைனி அடுக்களைக் கதவருகே நின்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளைத் தவிர மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று தலையை நிமிர்த்தி, "இந்தக் கம்பெனிய போன வருஷமே அடச்சு மூடியாச்சே. தம்பி இப்ப எங்க போய் வேல செய்யுது?" என்றாள். சாயாக் கப்புகள் அப்படியே நின்றன. அவர்கள் எழுந்து போனபிறகு நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மைனி வெளியிலிருந்து, "அழு மக்கா. இன்னைக்கு அழுதா தீர்ந்துரும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கதவைத் திறந்து தலையணையை எடுத்து அவள்மேல் எறிந்தேன். பிடித்துக்கொண்டுபோய் வெயிலில் காயப்போட்டாள்.

அவளுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த பேங்க் ஒருநாள் இன்னொரு பெரிய பேங்கோடு சேர்ந்துவிட்டது. பாஸ்புத்தகத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் மாற்றிக்கொண்டு வந்தோம். மைனி மட்டும், "எனக்க பேங்கு எப்பிடி இருந்துதுன்னு எனக்குத் தெரியாண்டாமா?" என்று தேடத் தொடங்கினாள். தேடிப்போய் நாட்டின் மத்திய வங்கி நடத்தும் இணையதளத்தில் விழுந்தாள். இந்தியாவில் உள்ள எல்லா பேங்கும் அதில் உண்டு. யாருக்கு உரிமம், எந்த ஊரில் கிளை, வருஷக் கணக்கு, வாராக் கடன் எல்லாம் உண்டு. கடவுச்சொல் வேண்டாம், காசு வேண்டாம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

"இத்தனையும் சும்மா தெறந்து போட்டிருக்கு மக்கா. ஒரு மனுஷனாவது பாக்கானா?" என்று மாய்ந்து போனாள்.

அதன்பிறகு மற்ற பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் மைனி பேங்குகளின் அறிக்கை பார்ப்பாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "இவனுக்க வாராக் கடன் கூடிக்கிட்டே போவுது, கொள்ளாம்" என்று தனக்குள் கிண்டலாகச் சொல்லிக்கொள்வாள். ஏதோ சொந்தக்காரர் வீட்டு விஷயம் பேசுகிற தோரணை இருக்கும் அதில். பாறசாலையில் எந்த பேங்கின் கிளை எப்போது வந்தது, நெய்யாற்றின்கரையில் எதை மூடினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இதனால் உனக்கு என்ன லாபம் என்று அம்மா கேட்டாள். "சீரியல் பாத்து உங்களுக்கு என்ன லாபம் அத்தே?" என்றாள் மைனி. அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

அவள் இறந்துவிட்டாள். வருடங்கள் ஓடிவிட்டன. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிக்கு வைத்து உங்களை அழவைக்கும் எண்ணம் எனக்கில்லை. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் சுற்றி வளைத்துப் பேசினார். மைனி தான் வேலை பார்த்த லேபிற்கே போய், தன் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்த கண்ணாடித் தகட்டை வாங்கி, தானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கைகழுவினாள். "அதாக்கும்" என்றாள். பிறகு அண்ணனிடம், "சோறு போடட்டா?" என்று கேட்டாள். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைப் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டான். எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதையாவது வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

இனி பேங்க் கதைக்கு வருகிறேன். அதனால்தான் அவளுக்கு அடங்காப்பிடாரி என்ற பெயர் ஊர்முழுக்கப் பரவியது.

அண்ணன் சவுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து வேலையில்லாமல் இருந்தான். ஆண்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் முதலில் குரல் தாழும், பிறகு ஒன்றுமில்லாததற்குச் சத்தம் போடுவார்கள். அண்ணன் இரண்டாவது கட்டத்துக்கு வந்திருந்தான். அப்போதுதான் எங்கள் ஜங்ஷனில், புதுக் கட்டடத்தின் மாடியில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு பேங்க் வந்தது. நீளமான பெயரைச் சின்ன எழுத்திலும் பேங்க் என்பதை மட்டும் ஆளுயர எழுத்திலும் போட்டிருந்தார்கள். மற்ற பேங்குகள் தருவதைவிட இரண்டு மடங்கு வட்டி. அண்ணனை மேனேஜர் ஆக்கினார்கள். சபையில் அவனுக்கு எல்லோரையும் தெரியும், அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை. அம்மா முழங்காலில் நின்று ஜெபித்தாள். அண்ணனின் குரல் பழைய குரலாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அத்தனை சந்தோஷமாக இருந்தோம்.

முதல்நாள் வேலைக்குப் போகும்போது டை கட்டத் தெரியாமல் தடுமாறினான். மைனி போனில் வீடியோவை ஓடவிட்டு, பார்த்துப் பார்த்துத் தானே கட்டிவிட்டாள். கட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அவள் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் அதே போனில்தான் அந்தப் பேங்கின் பெயரைத் தேடினாள். சந்தேகப்பட்டுத் தேடவில்லை. கணவன் மேனேஜராக இருக்கும் பேங்க் அந்தத் தளத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் தேடினாள். நான் பக்கத்தில்தான் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்ததும் போனை நீட்டினாள்.

"இஞ்ச பாருங்க. உங்க பேங்கு இதில இல்ல."

"எதில?"

"பேங்குகளுக்க லிஸ்டுல. இந்தியாவுல உள்ள அத்தன பேங்கும் உண்டு, இது மட்டும் இல்ல."

"புதுசாக்கும். ஏறியிருக்காது."

"லிஸ்டுல ஏறாம போர்டுல எப்பிடி ஏறுச்சு? நீங்களே ஒரு தடவ பாருங்க."

அண்ணன் போனைப் புறங்கையால் தள்ளினான். "எனக்குப் பாக்காண்டாம்" என்றான். அவன் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும், அது கோபமே இல்லை. பயம். பார்த்துவிட்டால் மறுநாள் காலையில் டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவான்?

அவன் தன் மேலதிகாரிகளிடம் கேட்டிருக்கிறான். நம்முடையது தமிழ்நாட்டு லைசென்ஸ், கேரளத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. சபையில் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. எல்லையில், கேரளப் பக்கம் வாழும் எங்களுக்கு அது பிறவியிலேயே வந்த நம்பிக்கை. பெட்ரோல் இந்தப் பக்கம் விலை கூடினால் அந்தப் பக்கம் போய் அடிப்போம். கோழி அந்தப் பக்கம் விலை ஏறினால் அவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். இங்கே கிடைக்காத சர்ட்டிபிகேட் அங்கே கிடைக்கும், அங்கே கிடைக்காத மருந்து இங்கே கிடைக்கும். இந்தப் பக்கம் ஒரு சாமான் இல்லையென்றால் அது அந்தப் பக்கம் இருக்கும். நாங்கள் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

மைனி என்னைக் கூட்டிக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் களியக்காவிளைக்குப் பஸ் ஏறினாள். அங்கேயும் அதே பேங்கின் கிளை ஒன்று உண்டு. அதே கண்ணாடிக் கதவு, அதே ஏசி. கவுண்டரில் இருந்த பெண் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"பணம் போடணும். இதுக்க லைசென்ஸ் எங்க உள்ளது பிள்ள?" என்று மைனி மிகவும் பவ்யமாகக் கேட்டாள்.

"கேரளா லைசென்ஸாக்கும் மேடம். பயப்படாண்டாம். அங்க எல்லாம் பயங்கர ஸ்ட்ரிக்ட்டு இல்லியா?"

மைனி என் கையை இறுகப் பிடித்தாள். வெளியே வந்து சர்பத் கடை பெஞ்சில் உட்காரும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சர்பத் மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது.

"இஞ்ச கேட்டா அங்க. அங்க கேட்டா இஞ்ச. அப்ப லைசென்ஸ் செக்போஸ்டுலயாக்கும் கெடக்கியது" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எனக்குக் காட்டினாள். "பேங்குக்கு கேரளா, தமிழ்நாடு ஒண்ணும் கிடையாது மக்கா. லைசென்ஸ் குடுக்கியது ஒரே எடம். லிஸ்டும் ஒண்ணுதான். நீ தேடு." நான் தேடினேன். எங்கள் ஜங்ஷனில் உள்ள பழைய பேங்கின் கிளை, அதன் முகவரி, திறந்த நாள் எல்லாம் இருந்தன. மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு குட்டிக் கிளைகூட இருந்தது. அண்ணனின் பேங்க் இல்லை. பெயரைச் சுருக்கியும் நீட்டியும் தேடினேன், இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மைனியும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பின்னாளில், அந்த பேங்கில் பணத்தைப் பறிகொடுத்த களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் சிலர் மைனியைத் தேடி வந்தார்கள். "உங்க பக்கத்துல மட்டும் பெகளம் வச்சியளே, எங்க பக்கமும் வந்து வச்சிருக்கக்கூடாதா?" என்று சண்டை பிடித்தார்கள். மைனி அவர்களுக்குச் சாயா கொடுத்தாள். "நான் அங்க வந்தப்ப எனக்குத் தண்ணி தந்தாவ. நீங்க சாயா குடியுங்க" என்றாள்.

அந்தப் பெகளம், அதாவது கலாட்டா, வைத்தது அறுப்பின் பண்டிகையன்று. எங்கள் சபையில் அன்று வீட்டுக்கு வீடு விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் நடக்கும். தேங்காய், பலாச்சக்கை, சேவல், அப்பம், எது வந்தாலும் ஏலம்தான். விலை சாமானுக்கு அல்ல, ஏலம் எடுக்கிறவரின் மனசுக்கு. அந்த வருஷம் அண்ணன் தன் பேங்கின் சேர்மனை அழைத்து வந்திருந்தான். அவர் ஒரு ஏத்தன் வாழைக்குலையைக் கறவைமாட்டு விலைக்கு ஏலம் எடுத்தார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்றதும் பந்தலே கைதட்டியது. அவர் அந்தக் குலையைத் திரும்பச் சபைக்கே கொடுத்துவிட்டார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கைதட்டல் அடங்கும் முன்பே சபைச் செயலர் மைக்கைப் பிடித்தார். தாலுகா ஆபீசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலயம் கட்டச் சேர்த்த பணம் முழுவதையும் இந்த பேங்கில் வைப்பதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது, விசுவாசிகளும் அவரவர் சேமிப்பை அப்படியே செய்தால் ஆசீர்வாதம் என்றார். அண்ணன் டையைச் சரிசெய்துகொண்டு நின்றான். அவன் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து மைனி எழுந்தாள்.

"ஐயா, அது பேங்கு இல்ல."

மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது.

"எலே, அத உக்காரச் சொல்லு" என்று யாரோ ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

"உக்காருதேன். பேங்குகளுக்க லிஸ்டுல இவருக்க பேங்கு பேரு இல்ல. நம்ம பக்கத்துல கேட்டா தமிழ்நாடு லைசென்ஸுன்னு சொல்லுதாவ. களியக்காவிளையில போய்க் கேட்டேன், கேரளா லைசென்ஸுன்னு சொன்னாவ. லிஸ்டுல வரட்டும், வந்தப்பறம் எனக்க தாலிமாலையையும் கொண்டுவந்து போடுதேன்."

சேர்மன் சிரித்தார். சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். செயலர் முகம் கறுத்துவிட்டது. வந்த விருந்தாளியை அவமானப்படுத்தினாள், பரிசுத்த நாளைக் கெடுத்தாள் என்று அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. சபை முன்னால் வந்து மன்னிப்பு கேட்கும்வரை மைனிக்குத் திருவிருந்து கிடையாது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பழைய மிஷன் சபைகளில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அப்பமும் திராட்சரசமும் பெறாதவள் என்று ஆகிவிட்டால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் நிற்க முடியாது.

அண்ணன் அதைவிடப் பெரிய தண்டனையைக் கொடுத்தான். துணிகளை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் இருக்கும் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டான். "அவ மன்னிப்பு கேக்காம நான் அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்றான். "இத்தன நாளுக்கப்பறம் எனக்கு ஒரு வேல கிடச்சுது. எனக்க பெஞ்சாதியே ஊர் முன்னால வச்சு எனக்க முகத்தில கரி பூசிட்டா." அவன் சொன்னதும் பொய்யில்லை. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

மைனி அவன் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து என்னிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். அழுதாளா என்றால், அழுதாள். அயர்ன் பாக்ஸ் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேய்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன மைனி, இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கெஞ்சினேன்.

"எட்டீ, ரத்தத்துல கிருமி உண்டுன்னு எழுதினதுக்கு எவனாவது மன்னிப்பு கேப்பானா?" என்றாள். "உனக்க அண்ணனுக்கு நான் வேணும்னா வரட்டும். வராட்டி இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு தடவ அந்தப் போன எடுத்துப் பாக்கச் சொல்லு. பாத்துட்டு என்ன ஏசட்டும், கேட்டுக்கிடுதேன்."

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் பார்க்கவில்லை. ஆலயப் பணத்தைச் சபையார் திருவிருந்து ஞாயிறு கழிந்ததும் கொண்டுவந்து போடுவதாக இருந்தது. அதை வாங்கிவைத்தால் அவன் வேலை நிரந்தரம். மைனி மன்னிப்பு கேட்டால்தான் ஜனங்கள் தைரியமாகப் பணம் போடுவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைனி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மன்னிப்பு கேட்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஆலயத்தில் ஆண்கள் வலதுபக்கம், பெண்கள் இடதுபக்கம். பிரசங்கம் முடிந்ததும் செயலர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மைனி முன்னால் போய்ப் படியில் ஏறி, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையில் வேதப்புத்தகம் இல்லை.

"மன்னிப்பு கேக்கத்தான் கூப்பிட்டது. நான் சொன்னது பொய்யானா இஞ்சயே முட்டுகுத்திக் கேக்கேன்" என்றாள். "ஆனா நான் சொன்னத ஒருத்தரும் இதுவரைக்கும் பாக்கல்ல. நீங்க எல்லாரும் வேதம் வாசிக்கியது இப்ப போன்லதானே? எல்லாருக்க கையிலயும் போன் உண்டு. எடுத்துப் பாருங்க. நான் நிக்கேன்."

தளத்தின் பெயரைச் சொன்னாள். எங்கே தொடவேண்டும் என்று சொன்னாள்.

"இது ஆலயமாக்கும்!" என்று செயலர் சீறினார்.

"ஆலயம் கெட்டுகதுக்கு உள்ள பணம்தான ஐயா? அப்ப இஞ்ச வச்சுத்தான் பாக்கணும்."

செயலர் போதகரைப் பார்த்தார். போதகர் இளைஞர், புதிதாக வந்தவர். அவர் மேசைமேல் இருந்த தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுத் தயங்கிவிட்டு அதை எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொருவராகத் தலைகள் குனிந்தன. சிலருக்கு ரேஞ்ச் கிடைக்காமல் ஜன்னலோரம் போய் நின்றார்கள். யாருடைய போனிலோ விளம்பரப் பாட்டு அலறி நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து, "எட்டீ, எனக்க பேங்கு உண்டு! பாறசாலக் கிளையும் உண்டு!" என்று கூவினாள். இன்னொருத்தி தன்னுடையதும் உண்டு என்றாள். ஆளாளுக்குத் தங்கள் தங்கள் பேங்கைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினார்கள். பிறகுதான் ஜங்ஷன் மாடியில் இருந்த பேங்கைத் தேடினார்கள். சத்தம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. 'இல்லை' என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் மைனி ஜெயித்துவிடுவாள். செயலர் மட்டும் போனை எடுக்கவே இல்லை.

நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என்பதால் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். படியில் மைனி நின்றாள், கால்மாற்றிக்கூட நிற்கவில்லை. அவள் கண் முழுக்க அவன்மேல்தான் இருந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கட்டைவிரலால் மெதுவாக எழுதினான். பார்த்தான். அழித்துவிட்டு மறுபடி எழுதினான். பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"இல்ல" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "எனக்க பேங்கு இதில இல்ல. ஆரும் பணம் போடாண்டாம்."

வேலை போயிற்று. அது அவனுக்கும் தெரியும். போனைப் பிடித்தபடியே நடந்துபோய் மைனிக்குப் பக்கத்தில் படியில் ஏறி நின்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் அங்கே சேர்ந்து நின்றது அன்றுதான். அம்மா விம்மி அழத் தொடங்கினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மைனியும் அழுவாள், இனியாவது அவன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அவன் கையிலிருந்த போனை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, பார்த்தாள்.

"இது எந்த மாசத்து லிஸ்டாக்கும்? தேதி பாத்தியளா?"

"பாத்தேன்" என்றான் அண்ணன்.

"செரி" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். போதகர் பக்கம் திரும்பி, "ஐயா, திருவிருந்து தொடங்கலாம்" என்றாள். யாருடைய பதிலுக்கும் நிற்காமல் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டு, அண்ணனுக்கு இடம்விட்டு ஒதுங்கி, இரண்டு கைகளையும் நீட்டினாள். செயலர் எழுந்து நின்றிருந்தார். போதகர் அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.